ஹர்த்தால் உண்டா, இல்லையா?

தோவாளையில் பூ வாங்கித் திருவனந்தபுரத்தில் விற்கும் ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். விடிவதற்கு முன்பே பூ வாங்க வேண்டும். நாகர்கோவில் வந்து பஸ் பிடிக்க வேண்டும். சாலைக் கடைத்தெருவில் பாதிப் பூவைக் கொடுப்பார். மீதியோடு கிள்ளிப்பாலம் தாண்டி வலியசாலைக்கு வருவார். அக்ரகாரத்தில் வீடு வீடாக முழம் போட்டுக் கொடுப்பார்.

ஒரு நாள் ஒரு வீட்டுத் திண்ணையில் இங்கிலீஷ் பேப்பர் கிடக்கிறது. பூக்காரம்மா இப்போதுதான் இங்கிலீஷ் எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகுகிறார். விரல் வைத்து ஒரு தலைப்பைப் படிக்கிறார். 'ஹர்த்தால் கால்டு ஆஃப்.'

"மாமி, நாளைக்கு ஹர்த்தாலுக்குக் கூப்பிட்டிருக்காவளே! பஸ் ஓடாதுல்லா? நான் பூ எடுக்க வேண்டாம்."

"எங்கே, காட்டு. இல்லைம்மா, ஹர்த்தால் கிடையாதுன்னு போட்டிருக்கு. நீ பாட்டுக்கு வா."

'கால்' என்றால் கூப்பிடு. அது அவருக்குத் தெரியும். அதைச் சரியாகத்தான் படித்தார். பக்கத்தில் நின்ற 'ஆஃப்' என்ற குட்டிச் சொல்லைத்தான் கவனிக்கவில்லை. மாமி சொல்லியிராவிட்டால் ஒரு நாள் வருமானம் போயிருக்கும்.

தமிழிலும் இப்படி உண்டு. 'குழந்தையைப் பார்த்தாள்' என்பது ஒன்று. 'குழந்தையைப் பார்த்துக்கொண்டாள்' என்பது வேறு. 'பார்' என்ற சொல்லோடு 'கொள்' சேர்ந்ததும் பொருள் மாறிவிட்டது. இங்கிலீஷிலும் வினைச்சொல்லுக்குப் பின்னால் ஒரு குட்டிச் சொல் ஒட்டிக்கொள்ளும். இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

'கால் ஆஃப்' என்றால் நடக்கும் என்று சொன்ன ஒன்றை இனி இல்லை என்று விட்டுவிடுவது. தமிழ்ப் பேப்பரில் 'வாபஸ்' என்று போடுவார்கள். மலையாளப் பேப்பரில் 'பின்வலிச்சு' என்று வரும். வலியசாலைக்காரர்களுக்கு மூன்றும் கண்ணில் படும் சொற்கள்தான்.

பள்ளிப் புத்தகத்திலும் இந்தச் சொல் வரும். 1922 பிப்ரவரியில் சௌரி சௌராவில் காவல் நிலையத்துக்குத் தீ வைத்தார்கள். காவலர்கள் இறந்தார்கள். காந்தி ஒத்துழையாமை இயக்கத்தை நிறுத்திவிட்டார். அதை இங்கிலீஷில் 'காந்தி கால்டு ஆஃப் தி மூவ்மெண்ட்' என்று எழுதுவார்கள். காந்தி இயக்கத்துக்குக் கூப்பிட்டார் என்று யாராவது படித்தால் சரித்திரமே தலைகீழாகிவிடும்!

கூப்பிட்டார் என்று சொல்ல வேண்டுமானால் 'ஃபார்' சேர வேண்டும். 'யூனியன்ஸ் கால் ஃபார் எ ஸ்ட்ரைக்' என்றால் சங்கங்கள் வேலைநிறுத்தத்துக்கு அழைக்கின்றன என்று பொருள். 'ஃபார்' வந்தால் உண்டு. 'ஆஃப்' வந்தால் இல்லை. கேரளத்தில் இருப்பவர்களுக்கு இது முக்கியம். 1997-இல் கேரள உயர்நீதிமன்றம் பந்த் நடத்துவது சட்டவிரோதம் என்று தீர்ப்புச் சொன்னது. ஆனாலும் ஹர்த்தால் என்ற பெயரில் கடையடைப்பு தொடர்ந்தது. 2019 ஜனவரியில், ஹர்த்தால் நடத்துபவர்கள் ஏழு நாள் முன்பே அறிவிக்க வேண்டும் என்று அதே நீதிமன்றம் உத்தரவிட்டது. ஏழு நாளில் பேச்சுவார்த்தை நடக்கலாம், மனமும் மாறலாம். ஆகவே முதலில் 'ஃபார்' வந்த செய்தியில் பிறகு 'ஆஃப்' வரலாம். கடைசியாக வந்த பேப்பரைப் பாருங்கள்.

எழுத்தையும் கவனியுங்கள். 'ஆஃப்' என்பதில் ஓ, எஃப், எஃப் என்று மூன்று எழுத்துகள். ஒரே ஒரு எஃப் இருந்தால் அது வேறு சொல். அதை 'ஆவ்' என்று படிப்பார்கள்.

இனி வாக்கியத்தில் வைப்போம். 'தே கால்டு ஆஃப் தி ஸ்ட்ரைக்.' இது சரி. 'தே கால்டு தி ஸ்ட்ரைக் ஆஃப்.' இதுவும் சரி. ஆனால் 'இட்', அதாவது 'அதை' என்று சொல்லும்போது அந்தச் சொல் நடுவில்தான் உட்காரும். 'தே கால்டு இட் ஆஃப்' என்று சொல்ல வேண்டும். 'தே கால்டு ஆஃப் இட்' என்று சொல்லக்கூடாது. படித்தவர்களே இதில் தவறுவார்கள்.

கூட்டம், கல்யாணம், விளையாட்டு, ஊர்வலம் எல்லாவற்றுக்கும் இந்தச் சொல் பொருந்தும். மனிதர் ஏற்பாடு செய்ததாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். மழை நின்றதற்கு இதைச் சொல்ல முடியாது. மழையால் ஆட்டம் நின்றால் சொல்லலாம். 2017 நவம்பர் 7-ஆம் தேதி திருவனந்தபுரம் காரியவட்டம் மைதானத்தில் இந்தியாவும் நியூசிலாந்தும் ஆட வந்தன. மழை பெய்தது. ஆட்டம் 'கால்டு ஆஃப்' ஆகிவிடுமோ என்று கூட்டம் காத்திருந்தது. கடைசியில் ஆளுக்கு எட்டு ஓவர் என்று குறைத்து ஆடினார்கள். இந்தியா ஜெயித்தது. ஆகவே அது 'கால்டு ஆஃப்' ஆன ஆட்டம் அல்ல.

பேசிக்கொண்டிருக்கும்போது ஒருவர் போனை வைத்துவிட்டால் 'ஹி கால்டு ஆஃப்' என்று சொல்லலாமா? கூடாது. அதற்கு 'ஹி ஹங் அப்' என்று சொல்ல வேண்டும். செல்போனை அணைத்து வைத்திருந்தால் 'ஸ்விட்ச்டு ஆஃப்'. இதை அந்தக் குரலே உங்களுக்குச் சொல்லியிருக்கும். 'ஆஃப்' என்றால் எப்போதும் நின்றுபோவது என்றும் நம்பிவிடாதீர்கள். அலாரம் 'வெண்ட் ஆஃப்' என்றால் அலாரம் அடித்தது என்று பொருள்! இங்கிலீஷின் வேடிக்கை அது.

இன்னும் ஒரு ஜோடி இருக்கிறது. 'புட் ஆஃப்' என்றால் தள்ளி வைப்பது. மலையாளத்தில் 'மாற்றிவெச்சு' என்பார்கள். கல்யாணம் 'புட் ஆஃப்' என்று வெளியூரிலிருந்து சேதி வந்தால், வேறு தேதிக்குப் பார்க்கிறார்கள் என்று பொருள். 'கால்டு ஆஃப்' என்றால் கல்யாணமே நின்றுவிட்டது. இரண்டையும் மாற்றிப் படித்துவிட்டு அந்த வீட்டுக்குத் துக்கம் விசாரிக்கப் போனால் எப்படி இருக்கும்!

மூன்று தலைப்புகள் தருகிறோம். பூக்காரம்மா என்ன செய்ய வேண்டும் என்று நீங்களே சொல்லிப் பாருங்கள்.

'ஃபிரைடே ஹர்த்தால் கால்டு ஆஃப்.'

'யூனியன்ஸ் கால் ஃபார் ஸ்ட்ரைக் ஆன் ஃபிரைடே.'

'ஃபிரைடே ஸ்ட்ரைக் புட் ஆஃப் டு மண்டே.'

முதல் செய்தி வந்தால் வெள்ளிக்கிழமை தைரியமாகப் பூ வாங்கலாம். இரண்டாவது வந்தால் வியாழக்கிழமையே விற்றுவிட்டு, வெள்ளிக்கிழமை வீட்டில் இருக்கலாம். மூன்றாவது வந்தால் வெள்ளிக்கிழமை பூ வாங்கலாம், திங்கட்கிழமைதான் யோசிக்க வேண்டும்.