நுரையீரல் எங்கே போச்சு? (வேர்டில் படம் வரைபவர்களுக்கு)



போன மாதம் நடந்த நம் பள்ளி அறிவியல் கண்காட்சியில் எங்கள் மேசையின் தலைப்பு 'இதயமும் இரத்த ஓட்டமும்'. தெர்மாகோலில் இதயம் செய்தது என் தோழி. நின்று விளக்கியதும் அவள்தான். பின்னால் ஒட்டியிருந்த பாய்வுப் படத்தைக் கம்ப்யூட்டரில் வரைந்தது நான். நடுவராக வந்திருந்த ஒரு டீச்சர் அந்தப் படத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஏம்மா, உங்க படத்துல இரத்தம் நுரையீரலுக்கே போகலையே, அப்புறம் ஆக்சிஜன் எங்கேருந்து வரும்?" என்று கேட்டார்கள்.

திரும்பிப் பார்த்தால் நிஜமாகவே நுரையீரலைக் காணோம்! வலது வெண்ட்ரிக்கிளிலிருந்து கிளம்பிய அம்பு நேராக இடது ஏட்ரியத்தில் போய் நிற்கிறது. நான் வரைந்தபோது நுரையீரல் இருந்தது. சத்தியமாக இருந்தது. என் தோழிக்குப் பேச்சே வரவில்லை. அதற்குப் பிறகு 2 நாள் என்னோடும் பேசவில்லை.

அது எப்படிக் காணாமல் போனது என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு வாரம் ஆனது. கம்ப்யூட்டர் சாரிடம் கேட்டும், லேபில் திரும்பத் திரும்ப வரைந்து பார்த்தும் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். ப்ராஜெக்ட்டுக்கு வேர்டில் படம் போடுகிற எல்லாருக்கும் இது உதவும்.

முதலில் நான் செய்ததைச் சொல்லிவிடுகிறேன். மேலே அரைப் பக்கம் விளக்கம் டைப் செய்தேன். பிறகு படத்துக்கு இடம் வேண்டுமே என்று என்டர் கீயை ஒரு 25 தடவை தட்டினேன். அந்தக் காலி இடத்தின் மேல் இன்சர்ட், ஷேப்ஸ் போய் ஒன்றன் கீழ் ஒன்றாக 7 பெட்டிகள் வரைந்தேன். உடல், வலது ஏட்ரியம், வலது வெண்ட்ரிக்கிள், நுரையீரல், இடது ஏட்ரியம், இடது வெண்ட்ரிக்கிள், மறுபடியும் உடல். நடுவில் 6 அம்புகள். பார்க்க அழகாக இருந்தது. நீங்களும் இப்படித்தானே செய்வீர்கள்?

இதில்தான் தப்பு. தாளில் பென்சிலால் வரைந்த மாதிரி அந்தப் பெட்டி அங்கேயே இருக்கும் என்று நாம் நினைக்கிறோம். வேர்டில் அப்படி இல்லை. ஒவ்வொரு பெட்டியும் பக்கத்தில் உள்ள ஏதோ ஒரு பத்தியோடு கட்டப்பட்டிருக்கிறது. முளைக்குச்சியில் ஆட்டைக் கட்டி வைப்போமே, அது மாதிரி. பத்திதான் முளை, பெட்டிதான் ஆடு. முளை நகர்ந்தால் ஆடும் நகரும். இந்தக் கட்டுக்கு ஆங்கர், அதாவது நங்கூரம் என்று பெயர். நாம் என்டர் தட்டிய ஒவ்வொரு காலி வரியும் வேர்டுக்கு ஒரு பத்திதான். ஆக, என் படத்தில் 7 பெட்டியும் 6 அம்பும் ஆளுக்கொரு முளையில் நின்றிருக்கின்றன. அவை எல்லாம் சேர்ந்து ஒரே படம் என்று எனக்குத்தான் தெரியும், வேர்டுக்குத் தெரியாது.

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஹோம் பகுதியில், ஆங்கில 'பி' எழுத்தைத் திருப்பி வைத்த மாதிரி ஒரு பொத்தான் இருக்கும். அதை அமுக்கிவிட்டு ஏதாவது ஒரு பெட்டியைக் கிளிக் செய்யுங்கள். ஓரத்தில் குட்டியாக ஒரு நங்கூரம் தெரியும். அது எந்த வரிக்கு நேராக இருக்கிறதோ, அதுதான் அந்தப் பெட்டியின் முளை.

இப்போது நுரையீரல் கதை. பென் டிரைவை எடுத்துக்கொண்டு பிரிண்ட் போடும் கடைக்குப் போனேன். நான் டைப் செய்த தமிழ் எழுத்துரு அந்தக் கம்ப்யூட்டரில் இல்லை. நல்லவேளை யூனிகோடில் அடித்திருந்தேன், அதனால் எழுத்து எதுவும் கொக்கிக் குறியாக மாறவில்லை. ஆனால் வேறு எழுத்துரு வந்து உட்கார்ந்ததும் எழுத்து அகலமாகிவிட்டது. மேலே இருந்த விளக்கம் 2 வரி நீண்டது. முளைகள் எல்லாம் கீழே நகர்ந்தன. கடைசிப் பெட்டி அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டது. கடை அண்ணன் என்ன செய்தார்? "நடுவுல காலி வரி நிறைய இருக்கேம்மா" என்று 3 வரியைத் தேர்ந்தெடுத்து டெலிட் அடித்தார். பத்தியை முழுசாக அழித்தால் அதில் கட்டியிருக்கும் படமும் சேர்ந்து போய்விடும். நுரையீரலும் அதன் கீழ் அம்பும் அந்த 3 வரியில்தான் கட்டப்பட்டிருந்தன. கீழே இருந்த பெட்டிகள் மேலே ஏறி அந்த இடத்தை நிரப்பிவிட்டன. ஓட்டை தெரிந்திருந்தால்கூட நான் கவனித்திருப்பேன். படம் ஒழுங்காகத் தெரிந்ததுதான் வினை! அண்ணன் மேல் குற்றமில்லை. ஒரு தடவை வாசித்துப் பார்க்காமல் காசு கொடுத்துவிட்டு வந்தது நான்.

சரி, எப்படி வரைய வேண்டும்?

காலி வரி தட்டாதீர்கள். இன்சர்ட், ஷேப்ஸ் பட்டியலில் கடைசியாக 'நியூ டிராயிங் கேன்வாஸ்' என்று ஒன்று இருக்கிறது. நான் அதுவரை அதைத் தொட்டதே இல்லை. அதை அமுக்கினால் ஒரு சட்டம் வரும். எல்லாவற்றையும் அதற்குள் வரைந்தால் மொத்தப் படத்துக்கும் ஒரே முளைதான். இன்னொரு லாபமும் உண்டு. சட்டத்துக்குள் ஒரு பெட்டியின் பக்கத்தில் அம்பைக் கொண்டுபோனால் பெட்டியின் ஓரங்களில் புள்ளிகள் தோன்றும். அம்பின் நுனியைப் புள்ளியில் விட்டால் ஒட்டிக்கொள்ளும். பிறகு பெட்டியை எங்கே இழுத்தாலும் அம்பும் கூடவே வரும். சட்டத்துக்கு வெளியே வரைந்தபோது எங்கள் லேப் வேர்டில் இப்படி ஒட்டவில்லை.

ஏற்கெனவே வரைந்து முடித்துவிட்டீர்களா? கவலை வேண்டாம். கண்ட்ரோலை அமுக்கிக்கொண்டே ஒவ்வொரு பெட்டியையும் அம்பையும் கிளிக் செய்யுங்கள். ரைட் கிளிக், குரூப். அவ்வளவுதான், எல்லாம் ஒரே படமாகிவிடும். குரூப் செய்த பிறகும் உள்ளே ஒரு பெட்டியைத் தனியாகக் கிளிக் செய்து எழுத்தைத் திருத்தலாம். ஒன்றை விட்டுவிட்டோமோ என்று சந்தேகம் வந்தால் ஃபார்மட் பகுதியில் 'செலக்‌ஷன் பேன்' திறந்து பாருங்கள். பக்கத்தில் உள்ள எல்லா வடிவங்களின் பெயரும் வரிசையாக வரும். மேலே இருக்கும் பெட்டிக்குப் பின்னால் ஒளிந்திருப்பதும் அதில் மாட்டிக்கொள்ளும். என் பழைய ஃபைலில் இப்படி ஒரு குட்டி அம்பு ஒளிந்திருந்தது!

குரூப் ஆனதும் 'ரேப் டெக்ஸ்ட்' போய் 'இன் லைன் வித் டெக்ஸ்ட்' என்று மாற்றிவிட்டால் மொத்தப் படமும் ஒரு பெரிய எழுத்து மாதிரி வரிக்குள் உட்கார்ந்துவிடும். இதைச் செய்தபோது என் படத்தில் ஒரு கீற்று மட்டும்தான் தெரிந்தது, மற்றதெல்லாம் மறைந்துபோச்சு. பயந்தே போனேன். அந்தப் பத்தியின் வரி இடைவெளி 'எக்ஸாக்ட்லி' என்று இருந்ததுதான் காரணம். 'சிங்கிள்' என்று மாற்றியதும் முழுசாக வந்துவிட்டது.

சின்னச் சின்ன வேலைகளும் சில. ஷிப்ட்டை அமுக்கிக்கொண்டு வரைந்தால் நீள்வட்டம் வட்டமாகும், செவ்வகம் சதுரமாகும். கண்ட்ரோலை அமுக்கிக்கொண்டு பெட்டியை இழுத்தால் அதே அளவில் இன்னொன்று கிடைக்கும், 7 பெட்டியை 7 தடவை வரைய வேண்டாம். நுரையீரலை நீள்வட்டமாக மாற்றணும் என்றால் அழிக்காதீர்கள். 'எடிட் ஷேப்'பில் 'சேஞ்ச் ஷேப்' கொடுத்தால் உள்ளே எழுதியது அப்படியே இருக்க, வடிவம் மட்டும் மாறும். இடைவெளியைக் கண்ணால் அளக்க வேண்டாம். 'அலைன்' பட்டியலில் சமமாகப் பிரிக்கும் வசதி இருக்கிறது.

கடைக்குக் கொண்டுபோகும்போது வேர்டு ஃபைலைக் கொடுக்காதீர்கள். 'சேவ் ஆஸ்' போய் பிடிஎஃப் ஆக்கிக்கொள்ளுங்கள். எழுத்துருவும் உள்ளேயே போய்விடும், வரி நீளாது.

நிறம் கொடுப்பதில் என் தோழி ஒரு தப்பைக் கண்டுபிடித்தாள். (இப்போது பேசுகிறாள்!) நுரையீரலுக்குப் போகும் அம்புக்கு நான் சிவப்பு கொடுத்திருந்தேன், தமனி என்றால் சிவப்புதானே என்று. நுரையீரல் தமனியில் போவது ஆக்சிஜன் குறைந்த இரத்தம், அதற்கு நீலம் கொடுக்க வேண்டும். நுரையீரல் சிரையில் திரும்பி வருவதுதான் சிவப்பு. இந்தத் தப்பை வேர்டு தலையில் போட முடியாது, அது என்னுடையதுதான்.

திருத்திய படம் இப்போது உயிரியல் லேப் கதவுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது. நுரையீரல் 4ஆவது பெட்டி. பழைய ஃபைலையும் அழிக்கவில்லை. லேபில் ஜன்னல் ஓரக் கம்ப்யூட்டரில் 'இதயம் பழசு' என்ற பெயரில் வைத்திருக்கிறேன். நடுவில் 3 காலி வரியை அழித்து எது காணாமல் போகிறது என்று நீங்களும் பார்க்கலாம். ஆனால் தயவுசெய்து சேவ் பண்ணாமல் மூடுங்கள்!