கோத்தகிரி வழியாக ஒரு பாக்கெட்

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு இரண்டு மலைப்பாதைகள் உண்டு. பர்லியாறு, குன்னூர் வழியாக ஏறினால் சுமார் 50 கிலோமீட்டர். கோத்தகிரி வழி 60-ஐத் தாண்டும். குன்னூர் சாலையில் மண் சரிந்தால் வண்டிகளைக் கோத்தகிரிக்குத் திருப்பிவிடுவார்கள். அந்தச் சேதி கோவையிலிருந்து கிளம்பும் ஓட்டுநரை எவ்வளவு சீக்கிரம் எட்டுகிறது என்பதில்தான் அவருடைய அன்றைய பிழைப்பு இருக்கிறது.

ரூட்டர் என்ற பெட்டிக்கும் இதே கவலைதான். அதன் ஒவ்வொரு வாசலுக்கும் இன்டர்ஃபேஸ் என்று பெயர். வந்த பாக்கெட்டை, அதாவது தகவல் துண்டை, எந்த வாசல் வழியே வெளியே விடுவது என்று அது நொடிக்குப் பல ஆயிரம் முறை முடிவெடுக்க வேண்டும். இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட்டில் தொடக்கத்தில் ரூட்டர்கள் பக்கத்து ரூட்டர் சொன்ன கணக்கை நம்பி வழி தேடின. எதிரே வரும் ஓட்டுநரிடம் விசாரித்துக்கொண்டே மலையேறுவது போலத்தான் அது. பழைய தகவல் சுற்றிச் சுற்றி வந்து, பாக்கெட்டுகளும் சுற்றிக்கொண்டிருந்தன. 1979-இல் அந்த முறையை மாற்றினார்கள். ஒவ்வொரு ரூட்டரும் தன் வாசலில் உள்ள இணைப்புகளை மட்டும் உள்ளபடி அறிவிக்கும். அந்த அறிவிப்பு எல்லோருக்கும் போய்ச் சேரும். எல்லோர் கையிலும் ஒரே வரைபடம் இருக்கும். வழியை அவரவர் கணக்கிட்டுக்கொள்வார்கள். இதுதான் லிங்க்-ஸ்டேட் முறை.

கணக்கிடும் உத்தி அதற்கும் மூத்தது. டச்சு அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1956-இல் ஆம்ஸ்டர்டாமில் ஒரு காபிக் கடையில் உட்கார்ந்து, ராட்டர்டாமிலிருந்து குரோனிங்கனுக்குக் குறுக்கு வழி எது என்று யோசித்தார். இருபதே நிமிடத்தில், கையில் காகிதம்கூட இல்லாமல், விடை கிடைத்தது. 1959-இல் அது அச்சேறியது. இன்று அலுவலகங்களிலும் கல்லூரி வளாகங்களிலும் ஓடும் ஓஎஸ்பிஎஃப் என்ற லிங்க்-ஸ்டேட் நெறிமுறையின் இதயம் அந்தக் கணக்குதான். ஜான் மாய் எழுதி 1998-இல் வெளியான, அதன் இரண்டாம் பதிப்புக்கான வரையறை இன்றும் புழக்கத்தில் இருக்கிறது.

கணக்கில் பிழை வராது. பிழை வருவது, வாசல்களுக்கு வைக்கப்படும் எண்களில்தான்.

திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். தலைமை அலுவலகம் திருப்பூரில், சாயப்பட்டறை பெருந்துறை சிப்காட்டில். இரண்டுக்கும் நடுவே 1 ஜிபிபிஎஸ் ஃபைபர் ஒன்று. ஜேசிபி அதை வெட்டிவிட்டால் உதவிக்கு 100 எம்பிபிஎஸ் வயர்லெஸ் லிங்க் ஒன்று. ஓஎஸ்பிஎஃப் ஒவ்வொரு வாசலுக்கும் 'காஸ்ட்' என்று ஓர் எண் வைக்கும். கூட்டினால் குறைவாக வரும் வழியே நல்ல வழி. பல ரூட்டர்களில் அந்த எண், 100 எம்பிபிஎஸ்ஸை இணைப்பின் வேகத்தால் வகுத்து வருவது. 10 எம்பிபிஎஸ் இணைப்புக்கு 10. 100-க்கு 1. ஒரு ஜிகாபிட்டுக்கு 0.1 வர வேண்டும்; ஆனால் 1-க்குக் கீழே எண்ணே கிடையாது. ஆக, ஃபைபருக்கும் 1, வயர்லெஸ்ஸுக்கும் 1! ரூட்டர் இரண்டையும் சமமான பாதைகளாக எண்ணிச் சுமையைப் பங்கிட்டுவிடும். ஒரு மேசையில் பில்லிங் பறக்கும், அடுத்த மேசையில் அதே பில்லிங் முக்கி முனகும். லைன் அறுந்திருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். இதைக் கண்டுபிடிக்க நாள்கணக்கில் ஆகும்.

அந்த அளவுகோல் வகுத்த காலத்தில் 100 எம்பிபிஎஸ் என்பதே பெருவேகம். இன்று தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் 1 ஜிபிபிஎஸ் கொண்டுசேர்ப்பதுதான் பாரத்நெட் திட்டத்தின் இலக்கு. அளவுகோலை 100 ஜிபிபிஎஸ் என்று மாற்றினால் ஃபைபருக்கு 100, வயர்லெஸ்ஸுக்கு 1,000 என்று வேற்றுமை துலங்கும். ஆனால் எல்லா ரூட்டரிலும் ஒரே அளவுகோல் இருக்க வேண்டும். ஒருவர் கிலோமீட்டரிலும் இன்னொருவர் மைலிலும் எழுதினால் வரைபடம் உதவாது.

காஸ்ட்டைக் கையாலும் எழுதலாம். அங்கே ஒரு பொறி உண்டு. கோடை சீசனில் ஊட்டிக்கு ஏறும் வண்டிகளைக் குன்னூர் வழியாகவும், இறங்கும் வண்டிகளைக் கோத்தகிரி வழியாகவும் விடுவார்கள் அல்லவா? காஸ்ட்டும் அப்படித்தான், வெளியே போகும் திசைக்கு மட்டுமே பொருந்தும். திருப்பூர் முனையில் மட்டும் எண்ணை மாற்றிவிட்டு வந்தால், பெருந்துறையிலிருந்து வரும் பதில்கள் பழையபடி வயர்லெஸ்ஸிலும் ஏறும். புதியவர்கள் அடிக்கடி சறுக்கும் இடம் இது.

பக்கத்து ரூட்டர் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க 10 நொடிக்கொரு முறை 'ஹலோ' போகும். "ஏனுங்க, இருக்கறீங்களா?" என்பதுதான் அதன் பொருள். 40 நொடி சத்தமே இல்லையென்றால் லிங்க் டவுன் என்று முடிவு. இரு முனைகளிலும் இந்த நேரங்கள் பொருந்தாவிட்டால் இரண்டும் அண்டை வீட்டாராகவே ஆகாது. கேபிள் நேராக ரூட்டரில் சொருகியிருந்தால் அறுந்த கணமே வாசலின் விளக்கு அணைந்துவிடும். நடுவில் ஒரு சுவிட்ச் இருந்தால் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும்; அப்போது ஹலோ ஒன்றே சாட்சி. 40 நொடி என்பது வெளிநாட்டு பையருடன் பேசும் வீடியோ அழைப்புக்கு ஒரு யுகம். அதனால் 1 நொடி, 4 நொடி என்று இறக்கிவைப்பதுண்டு. தையல் கூடத்துக் கணினிகள் பக்கம் பார்க்கும் வாசலிலோ ஹலோவே தேவையில்லை. அதை 'பாசிவ்' ஆக்கிவிட்டால், அந்தக் கூடத்தின் முகவரி வரைபடத்தில் இருக்கும். வேண்டாத பெட்டி எதுவும் அந்த வழியாக உறவு கொண்டாட முடியாது.

ஃபைபரில் பழுது பார்க்க வேண்டுமென்றால் அனுபவசாலிகள் சட்டென்று கேபிளைப் பிடுங்குவதில்லை. முதலில் இரு முனைகளிலும் காஸ்ட்டை உச்ச எண்ணான 65,535-க்கு ஏற்றுகிறார்கள். வரைபடம் மாறுகிறது, பாக்கெட்டுகள் ஒவ்வொன்றாக வயர்லெஸ் பக்கம் ஒதுங்குகின்றன. ஃபைபரில் போக்குவரத்து ஓய்ந்துவிட்டதைத் திரையில் பார்த்த பிறகே கேபிளில் கை வைக்கிறார்கள்.