வற்றும் குளமும் வளரும் மீனும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுதும் நீரோடும் ஆறு இல்லை. நிலத்தின் கீழுள்ள சுண்ணாம்புக் கற்பாறையே மழைநீரைத் தேக்கிக் கிணறுகளுக்கு அளிக்கின்றது. வலிகாமம் வடக்கிலுள்ள அளவெட்டியின் செம்மண் தோட்டங்களும் கிணற்று நீரையே நம்பியுள்ளன. குளங்களோ ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழையால் நிரம்பிக் கோடையில் வற்றுவன. இத்தகைய ஊரில் நன்னீர் மீன் வளர்ப்பு இயலுமோ என்ற ஐயம் எழுதல் இயல்பே.

இலங்கையின் உலர் வலயத்தில், ஆண்டில் சில மாதங்களே நீர் தங்கும் சிறுகுளங்களில் மீன் வளர்க்கும் முறை உண்டு. மழைக்காலத்தில் குஞ்சுகளை விட்டு, நீர் வற்றும்போது பிடித்துக் கொள்வர். வற்றுதல் ஒருவகையில் நன்மையே: குஞ்சுகளை விழுங்கும் விரால் முதலியன அங்கே பெருகா, குறைந்த நீரில் வலை இழுத்தலும் எளிது.

எம்மீனை வளர்ப்பது? 1952இல் இலங்கைக்குக் கொணரப்பட்ட திலாப்பியா குளத்திலேயே பெருகும்; ஆயின் நெருக்கம் மிகுந்தால் சிறுத்துவிடும். கெண்டையினங்கள் விரைந்து வளர்வன. கட்லா மேல்நீரிலும், ரோகு இடைநீரிலும், மிர்கால் அடியிலும் இரை தேடுதலால் மூன்றும் ஒரே குளத்தில் போட்டியின்றி வாழும். எனினும் இவை தேங்கிய நீரில் முட்டையிடா. இந்திய அறிஞர் ஈராலால் சௌத்ரி 1957இல் கபச்சுரப்பிச் சாற்றை ஊசிமூலம் செலுத்தி இவற்றை முட்டையிடச் செய்தார். அன்று முதல் பொரிப்பகங்களில் குஞ்சு பெறுதல் கைகூடிற்று.

ஆதலின் குஞ்சே இத்தொழிலின் உயிர்நாடி. அது விரலளவு வளர்ந்ததாயும், குளம் நிறைந்தவுடன் கிடைப்பதாயும் இருத்தல் வேண்டும். பிந்தினால் மீன் பருக்குமுன் நீர் வற்றிவிடும். 1990இல் இலங்கை அரசு உள்நாட்டு மீன்பிடிக்கு அளித்த ஆதரவை நிறுத்தியபோது குஞ்சு வழங்கலும் தடைப்பட்டது. 1994இலேயே அவ்வாதரவு மீண்டது. பின்னர் 1998ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி இத்துறைக்கெனத் தனி அதிகாரசபை அமைந்தது. ஊரவர் சிலர் சிறு தொட்டிகளில் குஞ்சுகளை விரலளவாக்கப் பயின்றால், அதுவே ஒரு வருவாயாகும். காலந்தவறும் அச்சமும் குறையும்.

இனி, பயன் யாரைச் சேரும் என்பதே தலையாய கேள்வி. தோட்டக்காரனுக்கு நிலமுண்டு, கூலியாளுக்கு இல்லை. பொதுக்குளம் ஒன்றே அவனும் உரிமை கொள்ளத்தக்க சொத்து. அதனைப் பணமுள்ள ஒருவர்க்கு ஏலம் விட்டால் வறுமை இருந்தபடியே இருக்கும். நிலமற்ற குடும்பங்கள் சங்கமாகக் கூடிக் குஞ்சு விடுதல், காவல், விற்பனை ஆகியவற்றைப் பகிர்ந்துகொண்டால் வருவாயும் பகிரப்படும். அதில் ஒரு பங்கைக் குளம் தூர்வார ஒதுக்குதல் நன்று.

சில எச்சரிக்கைகளும் உள. கோயிற் கேணிகளைத் தவிர்த்தல் முறை. பயிருக்குத் தெளிக்கும் நஞ்சு கலக்கும் குளத்தில் மீன் தங்காது. கடல்மீனுக்குப் பழகிய நாவு குளத்துமீனை உடனே விரும்பாது. ஒரே நாளில் பிடித்துக் குவித்தால் விலையும் வீழும். நீர் குறையக் குறையப் பெரியவற்றைச் சிறிது சிறிதாகப் பிடித்து உயிர்ப்புடன் விற்பதே தக்கது. இவ்வொழுங்குகள் அமைந்தால், கோடையில் வெறும் சேறாகும் குளமும் ஏழைக் குடும்பத்துக்குச் சோறும் காசும் தரும்.