கறிவேப்பிலைச் செடி சொல்லும் பாடம்



மறையுரையிலும் ஞாயிறு மறைக்கல்வி வகுப்பிலும் நாம் பலமுறை கேட்ட கதை ஒன்று உண்டு. கூட்டை விட்டு வெளியே வரத் தவிக்கும் வண்ணத்துப்பூச்சியைப் பார்த்து இரக்கப்பட்ட ஒருவர், கத்தரிக்கோலால் கூட்டை வெட்டிவிடுகிறார். பூச்சி எளிதாக வெளியே வருகிறது. ஆனால் கடைசிவரை அதனால் பறக்க முடியவில்லை. போராட்டமே சிறகுக்கு வலிமை தருகிறது என்று கதை முடியும்.

உண்மையில் நடப்பது என்ன? நம் வீட்டுச் செடியிலேயே பார்க்கலாம்.

கறிவேப்பிலை, எலுமிச்சை, வில்வம் ஆகியவற்றின் இளந்தளிர்களில் எலுமிச்சை வண்ணத்துப்பூச்சி மஞ்சள் நிற முட்டைகளை ஒவ்வொன்றாக இடும். சில நாட்களில் வெளிவரும் புழு, பார்ப்பதற்குப் பறவையின் எச்சம் போலவே இருக்கும். பறவைகளிடமிருந்து தப்பிக்க அதற்குக் கிடைத்த வேடம் அது. வளர்ந்தபின் பச்சை நிறமாகும். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து இரு கிளையுள்ள கொம்பை நீட்டி நாற்றம் வீசும். பிள்ளைகள் அஞ்ச வேண்டாம், அது கொட்டாது. ஆனால் மயிருள்ள கம்பளிப்புழுக்களைத் தொட வேண்டாம்.

புழுவை வாயகன்ற பாட்டிலில் இட்டு, மெல்லிய துணியால் மூடுங்கள். அது இருந்த செடியின் இலையையே நாள்தோறும் புதிதாகக் கொடுங்கள். கடையில் வாங்கிய கறிவேப்பிலையில் பூச்சிமருந்து இருக்கலாம், தவிர்த்துவிடுங்கள். எச்சத்தை அகற்றுங்கள். வெயிலில் வைக்காதீர்கள். உயரமான குச்சி ஒன்றை உள்ளே சாய்த்து வைக்க மறக்காதீர்கள்.

நான்கு முறை தோலுரித்து வளரும் புழு, இரண்டு மூன்று வாரங்களில் உண்பதை நிறுத்தும். குச்சியில் பட்டு நூலால் தன் உடலைக் கட்டிக்கொண்டு ஐந்தாம் முறை தோலுரிக்கும். இப்போது அது கூட்டுப்புழு. பட்டுப்பூச்சி போன்ற அந்துப்பூச்சிகள் பலவும் நூலால் கூடு பின்னுகின்றன. இதற்கு அப்படிக் கூடு கிடையாது. நாம் கூடு என்று நினைப்பது அதன் தோல்தான். கத்தரிக்கோல் வைத்தால் வெட்டுப்படுவது அதன் உடலே!

உள்ளே பழைய உடலின் பெரும்பகுதி சிதைந்து, புதிய உறுப்புகள் உருவாகின்றன. ஆனாலும் எல்லாம் அழிந்துவிடுவதில்லை. புழுவாக இருந்தபோது ஒரு வாசனையை விலக்கக் கற்ற அந்துப்பூச்சி, சிறகு முளைத்த பிறகும் அதை மறக்கவில்லை என்று 2008-இல் அமெரிக்காவின் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள்.

சில வேளைகளில் வண்ணத்துப்பூச்சிக்குப் பதிலாகச் சிறு குளவிகள் வெளிவரும். முன்பே குளவி அதனுள் முட்டையிட்டிருக்கும். அது உங்கள் தவறன்று.

ஏறக்குறைய பத்து நாட்களில் தோலின் வழியே சிறகின் கோலம் தெரியும். பெரும்பாலும் காலையில், தோல் பிளந்து சில நிமிடங்களிலேயே பூச்சி வெளியே வந்துவிடும். கதையில் வருவது போன்ற நெடும் போராட்டம் இல்லை. ஆபத்து அதற்குப் பிறகுதான். சிறகுகள் ஈரமாகச் சுருங்கியிருக்கும். பூச்சி குச்சியில் ஏறித் தொங்கி, உடலின் நீரைச் சிறகு நரம்புகளில் செலுத்தி விரிக்கும். அவை உலர ஓரிரு மணி நேரமாவது ஆகும். அந்நேரத்தில் பற்றிக்கொள்ள இடமின்றிக் கீழே விழுந்தாலோ, நாம் கைவைத்தாலோ, சிறகு சுருங்கியபடியே இறுகிவிடக்கூடும்.

அப்படியானால், அதற்குத் தேவைப்பட்டது வேதனையா? இல்லை. பற்றிக்கொள்ள ஒரு குச்சியும், காத்திருக்கும் பொறுமையும்தான்.

தேர்வில் தோற்ற மகனிடம், வேலை இழந்து திரும்பிய தம்பியிடம், "கஷ்டப்பட்டால்தான் புத்தி வரும்" என்று எத்தனை முறை சொல்லியிருக்கிறோம்! ஈரச் சிறகோடு அவர்கள் நின்ற அந்த வேளையில், பற்றிக்கொள்ளும் குச்சியாக நாம் இருந்தோமா?

சிந்திப்போம். சிறகு உலர்ந்ததும் சன்னலைத் திறந்துவிடுவோம்.