சொல் விளையாட்டும் எழுத்தின் கணக்கும்

எழுத்து எத்தனை என்று கேட்டால் தமிழ்ப்பள்ளி மாணவன் தயங்காமல் விடை சொல்வான். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247. எண்ணும் பொறுப்பு கணினியின் கைக்குப் போனதும் இந்தத் தெளிவு கலங்கிவிடுகிறது. இணையத்தில் ஆடும் சொல் விளையாட்டு ஒன்றைப் புதுக்க முனையும் மாணவர் குழு முதலில் தீர்க்க வேண்டிய சிக்கல் இதுவே. வண்ணமும் ஓசையும் மதிப்பெண் பட்டியலும் பின்னர் வரலாம். எழுத்தைச் சரிவர எண்ணாத விளையாட்டு, பிழையின்றி எழுதிய குழந்தையையே பிழை செய்தாய் என்று திருப்பி அனுப்பும்.

நெகிரி செம்பிலான் மாநிலத்து நீலாய் வட்டாரத்துக்கு இச்செய்தி மிகவும் பொருந்தும். பால்மரமும் பின்னர்ச் செம்பனையும் சூழ்ந்திருந்த அவ்வூரில் இன்று இன்டி அனைத்துலகப் பல்கலைக்கழகமும் மலேசிய இஸ்லாமிய அறிவியல் பல்கலைக்கழகமும் உள்ளன. கணினி பயிலும் இளைஞரும் தோட்டக் குடும்பங்களின் வழிவந்த தமிழ்ப்பள்ளிச் சிறுவரும் அருகருகே வாழும் இடம் அது. இத்தகைய இடத்தில் மாணவர் குழு ஒன்று பள்ளிச் சிறுவர்க்காக ஒரு விளையாட்டைச் செப்பனிடப் புகுந்தால், அதன் திட்டம் எவ்வாறு அமைதல் வேண்டும்?

முன்மாதிரியும் அதன் எல்லையும்

இவ்வகை ஆட்டங்களுள் உலகெங்கும் பெயர் பெற்றது வேர்டில். ஜோஷ் வார்டில் என்பார் ஆக்கி 2021 அக்டோபரில் பொதுமக்கள் முன் வைத்தார். 2022 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் அதை விலைக்கு வாங்கிற்று. மறைந்திருக்கும் ஐந்தெழுத்துச் சொல்லை ஆறு முயற்சிக்குள் கண்டறிய வேண்டும். எழுத்தும் இடமும் பொருந்தினால் பச்சை. எழுத்து உண்டு, இடம் வேறு எனின் மஞ்சள். எழுத்தே இல்லையெனின் சாம்பல் நிறம்.

ஆங்கிலத்தில் எழுத்து 26. ஒவ்வொன்றும் கணினிக்கு ஒரே குறி. ஆதலின் அங்கே எண்ணுவதில் இடர் இல்லை. அதே நிரலில் தமிழ்ச் சொற்களை இட்டு நிரப்பினால் ஆட்டம் நிலைகுலையும்.

கணினியின் எண்ணிக்கை

இலக்கணத்தில் 'க்' என்பது முதலெழுத்து. அகரம் ஏறினால் 'க'. யூனிகோடு முறையில் இந்த வரிசை தலைகீழ். அங்கே 'க' என்பதே முதற் குறி, புள்ளி தனிக்குறி, இரண்டும் சேர்ந்தால்தான் 'க்'. கால், கொம்பு முதலிய உயிர்க்குறிகளும் அவ்வாறே தனித்தனி இடம் பெற்றவை. எனவே 'தமிழ்' என்னும் மூன்றெழுத்துச் சொல் கணினிக்கு ஐந்து குறி. 'கொக்கு' என்பது ஆறு. ஐந்தெழுத்துள்ள 'மாம்பழம்' எட்டு. ஐந்தெழுத்துச் சொல் வேண்டும் என்று கேட்கும் நிரல் 'தமிழ்' என்பதை ஏற்று 'மாம்பழம்' என்பதைத் தள்ளும்.

கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றுவன உள்ளே வேறாக இருத்தலும் உண்டு. 'கொ' என்பதில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம். ஒற்றைக் கொம்பு, கால் என இரு குறியாகவும் எழுதலாம். திரையில் வேற்றுமை இல்லை. நிரல் இரண்டையும் வேறு வேறு என்றே கொள்ளும். இதற்கு மாற்றாக, உள்ளிட்ட சொல்லை ஒரே வடிவுக்குக் கொணரும் இயல்பாக்க விதியை யூனிகோடே வகுத்திருக்கிறது. அதைத் தவறாமல் ஆளுதல் வேண்டும்.

'ஔவை' என்னும் சொல்லிலோ அவ்விதியும் உதவாது. ஔகாரத்தை ஒகரமும் ளகரமுமாகப் பிரித்துத் தட்டெழுதுவோர் பலர். அவற்றை எங்கும் ஔகாரமாக மாற்றிவிடலாமே எனின், 'ஒளி' என்னும் சொல் கெடும். ஆகவே சொற்பட்டியலோடு ஒப்பிட்டே திருத்த வேண்டும். எழுத்துகளைப் பிரித்துத் தரும் ஓப்பன்-தமிழ் போன்ற திறந்த மூலத் தொகுப்புகள் முன்பே உள்ளன. மாணவர் அவற்றைப் பயன்படுத்திக்கொள்ளலாம். ஆனால் விடை சரியா என்று சோதிக்கும் பொறுப்பு அவர்களுடையதே.

குறிப்புத் தரும் முறை

மறைந்த சொல் 'கிளி'; சிறுமி எழுதியது 'கிளை'. 247 எழுத்தையும் தனித்தனியாகக் கொண்டால் 'ளை' சாம்பல் நிறம் பெறும். ளகரமே இல்லை போலும் என்று அவள் விலகிச் செல்வாள். மெய் சரி, உயிரை மாற்று என்று காட்ட இடைநிலைக் குறிப்பு ஒன்று வேண்டும். அவள் 'கிழி' என்று எழுதினால், உயிர் சரி, மெய் வேறு என்று காட்டலாம். ல, ள, ழ மயக்கத்தைத் தீர்க்க ஆசிரியர் படும் பாட்டுக்கு இஃது ஒரு துணை.

விசைப்பலகைக்கும் இதுவே வழி. 247 கட்டங்களைச் சிறு கைப்பேசியில் அடுக்க இயலாது. உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1 என 31 விசைகள் போதும். குறிப்பு நிறமும் அவற்றின்மேலேயே விழும்.

எந்தச் சொற்கள்?

வேர்டிலுக்கு ஆங்கில ஐந்தெழுத்துச் சொற்கள் ஏறக்குறைய 12,000 கிடைத்தன. அவற்றுள் பலரும் அறிந்த சுமார் 2,500 சொற்களையே வார்டிலின் துணைவியார் விடைக்கெனத் தெரிந்தெடுத்தார். தமிழிலும் விடைப்பட்டியல் வேறு, ஏற்புப்பட்டியல் வேறு என்று பிரித்தல் நன்று. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட சொற்களை உடையது. அதை அப்படியே சிறுவர்க்கு விடையாக வைத்தல் தகாது.

மற்றொன்றும் எண்ணத் தக்கது. ரகரமும் லகரமும் தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வாரா என்பது இலக்கணம். ஆனால் நீலாய்ச் சிறுவனின் பாட்டி நாவில் 'ரப்பர்', 'லயம்', 'ரம்புத்தான்' எல்லாம் அன்றாடச் சொற்கள். 'ரப்பர்' நான்கெழுத்து, 'இரப்பர்' என எழுதினால் ஐந்து. எதை விடையாக்குவது, எதை ஏற்பது என்பது ஆசிரியர் தீர்க்க வேண்டிய வழக்கு. நிரல் எழுதுவோர் தம் விருப்பப்படி முடிவு செய்வதன்று. பாட்டி சொன்ன சொல்லைப் பேரன் தட்டெழுத, அப்படி ஒரு சொல் இல்லை என்று கருவி கூறுமாயின், அவன் அக்கருவியை மட்டுமன்றித் தன் வீட்டு மொழியையும் ஐயுறுவான்.

வேலையின் வரிசை

ஒரு பருவத்துக்குப் பதினான்கு வாரம் எனக் கொள்வோம். முதல் நான்கு வாரம் எழுத்துப் பிரிப்புக்கும் அதற்கான சோதனைப் பட்டியலுக்கும் உரியன. ஔவை 2, ஒளி 2, கொக்கு 3, மாம்பழம் 5 என விடை தெரிந்த சொற்களை எழுதிவைத்து, நிரலில் ஒரு வரி மாறினாலும் முழுப் பட்டியலையும் மீண்டும் ஓட்ட வேண்டும். அடுத்த மூன்று வாரம் ஆசிரியரோடு அமர்ந்து சொல் தேர்தல். பின் மூன்று வாரம் குறிப்பு முறையும் விசைப்பலகையும். அதன்பின் இரண்டு வாரம் சிறுவரிடம் ஆடக்கொடுத்து, அவர்கள் எங்கே தயங்குகிறார்கள் என்று பக்கத்தில் இருந்து பார்த்தல். இறுதி இரண்டு வாரமே அழகுக்கும் திருத்தத்துக்கும். பழைய பதிப்பை அழித்துவிடாமல் காத்தலும், விலை குறைந்த கைப்பேசியில் இயக்கிப் பார்த்தலும் தொடக்கம் முதல் நடைபெற வேண்டியவை.

இவ்வரிசையைத் தலைகீழாக்கும் குழுவே மிகுதி. கண்ணைக் கவரும் திரையை முதலில் அமைத்து, எழுத்துப் பிழையைக் கடைசி வாரத்தில் காண்பார்கள். அப்போது ஆசிரியரை அழைத்துப் பயனில்லை. அவர் முதல் வாரத்திலேயே, சொற்பட்டியலைக் கையில் கொண்டு, மாணவர் நடுவே அமர்ந்திருத்தல் வேண்டும்.