ராத்திரி விளக்கும் கரண்ட் பில்லும்!

என் நாத்தனார் சட்டம் படித்துவிட்டு, எங்கள் ஊர் கோர்ட்டில் ஒரு சீனியர் வக்கீலிடம் ஜூனியராக இருக்கிறாள். எங்கள் குடும்பத்தில் அவள்தான் முதல் வக்கீல். இரண்டு வருடமாகியும், கைக்கு வருவது பஸ் செலவுக்கே சரியாகப் போகிறது. பகலெல்லாம் கோர்ட்டில் அலைந்துவிட்டு வந்து, ராத்திரி பன்னிரண்டு மணி வரை விளக்கைப் போட்டு எழுதிக் கொண்டிருப்பாள். கேட்டால், "கட்டுரைப் போட்டி அண்ணி... என்னை மாதிரி ஜூனியருக்கு பேர் வெளியே தெரிய இதுதான் வழி" என்பாள்.

"கரண்ட் பில்தான் ஏறுது. பேசாம ஒரு வரனைப் பார்த்து முடிச்சிடணும்" என்று புலம்புவார் மாமியார். நானும் அதற்கு ஒத்து ஊதியவள்தான்.

ஆறு மாதத்துக்கு முன், பெண் வக்கீல்களுக்கும், குடும்பத்தில் முதன்முதலாக வக்கீலானவர்களுக்கும் சென்னையில் ஒரு கூட்டம் நடந்தது. அவளைத் தனியாக அனுப்ப மாமியார் சம்மதிக்காததால், துணைக்குப் போனேன்.

பெண் என்பதற்காக வக்கீல் தொழிலுக்குச் சேர்க்க மறுக்கக் கூடாது என்று நம் நாட்டில் சட்டம் வந்ததே 1923ல்தானாம். கேரளாவில், 1959ல் நாட்டின் முதல் பெண் ஐகோர்ட் நீதிபதியான அன்னா சாண்டி, 'ஸ்ரீமதி' என்று ஒரு பெண்கள் பத்திரிகையும் நடத்தியவராம். ஜூனியர்களுக்கு மாதம், சென்னை, மதுரை, கோவையில் 20 ஆயிரம், மற்ற ஊர்களில் 15 ஆயிரம் ரூபாயாவது தர வேண்டும் என்று 2024ல் சென்னை ஐகோர்ட் சொல்லியிருக்கிறதாம். இவளோ, சீனியரிடம் வாய் திறக்கவே பயந்து கிடந்திருக்கிறாள்!

"சிபாரிசுக்கு ஆளில்லாதவர்களுக்கு எழுத்துதான் சிபாரிசு. ஆனால், உங்கள் வீட்டுப் பெண்களுக்கும் புரிகிற மாதிரி எழுதுங்கள்" என்றார் ஒரு மூத்த பெண் வக்கீல்.

ஊர் திரும்பியதும், ஜீவனாம்சம் பற்றி எழுதி என்னிடம் நீட்டினாள். பத்தாவது படித்த எனக்கே பாதி புரியவில்லை. புரியாத வார்த்தைகளை பென்சிலால் சுழித்துக் கொடுத்தேன். முகம் சுளிக்காமல் மூன்று முறை திருத்தினாள். ஒரு மாத இதழில் அது வெளிவந்தது.

அதை எங்கள் வீட்டு வேலைக்கு வரும் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அவர் மகளைக் கைக்குழந்தையோடு விட்டுவிட்டு, புருஷன் போய் இரண்டு வருடமாகிறது. 1987ம் வருட சட்டப்படி, பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு, 15100க்கு போன் செய்தும் கேட்கலாம் என்ற இடம் வந்ததும், "வக்கீல் பீசுக்குப் பயந்துதாம்மா சும்மா கிடந்தோம்" என்று அழுதுவிட்டார். இப்போது ஜீவனாம்ச மனு போட்டாகிவிட்டது; கேஸ் நடக்கிறது.

நாத்தனாரும் தைரியமாக சீனியரிடம் சம்பளம் பற்றிப் பேசிவிட்டாள். "யோசிச்சு சொல்றேன்" என்றிருக்கிறார், பார்ப்போம்.

நேற்று ராத்திரி நான் மறதியாக ஹால் விளக்கை அணைக்கப் போக, "இரும்மா, அவ எழுதிட்டிருக்கா" என்று தடுத்தது யார் தெரியுமா? என் மாமியார்தான்!

தோழியரே, உங்கள் வீட்டுப் பெண்ணும் படித்துவிட்டு எதையாவது எழுதிக் கொண்டிருந்தால், 'காசு வருமா?' என்று கேட்காதீர்கள். வாங்கிப் படித்துப் பாருங்கள். புரியாததைத் தயங்காமல் கேளுங்கள். அது அவளுக்கும் நல்லது, நமக்கும் நல்லது.

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கும்பகோணம்.