சரக்குக்கு டெமரேஜ், சாமானியனுக்கு?

இராயபுரத்தில் கிளியரிங் ஆபீஸ் வேலை பார்க்கும் எந்த இளைஞனையும் கேட்டுப் பாருங்கள். 'டெமரேஜ்' என்றால் என்ன என்பதை ஒரே மூச்சில் சொல்லிவிடுவான். துறைமுகத்தில் இறங்கிய சரக்கைக் குறித்த நாளுக்குள் எடுக்காமல் போட்டுவைத்தால், போட்டுவைத்தவர் கட்டவேண்டிய தண்டம் அது. நாள் ஏற ஏற அந்தத் தண்டமும் ஏறும். கப்பலுக்கும் இதே நியாயம்தான். ஏற்றி இறக்கப் பேசிய காலத்துக்கு மேல் கப்பலை நிறுத்திவைத்தால், நிறுத்திவைத்தவர் பணத்தை எண்ணி வைக்கவேண்டும். காரணம் கேட்டால் துறைமுகத்தார் தரும் விடை சுருக்கமானது: "நேரம் என்றால் பணம் ஐயா!"

கப்பலின் நேரம் பணம். பெட்டிக்குள் கிடக்கும் சரக்கின் நேரமும் பணம். ஆனால் உயிரும் உணர்வும் உள்ள மனிதனின் நேரம்? மீனம்பாக்கம் விமான நிலையத்தில் விடிய விடியக் காத்துக்கிடக்கும் பயணியின் நேரத்துக்கு என்ன விலை? ஒரு பொட்டலம் சிற்றுண்டி! ஒரு பாட்டில் தண்ணீர்! "தடங்கலுக்கு வருந்துகிறோம்" என்று ஒரு வாசகம்!

இது என்ன நியாயம் என்று நாம் கேட்கிறோம்.

"விமானத்தில் பறப்பவர்கள் சீமான்கள், அவர்களுடைய தொல்லை உழைப்பாளர் ஏட்டுக்கு எதற்கு?" என்று தோழர்கள் சிலர் நினைக்கலாம். அந்தக் காலம் மலையேறிவிட்டது. 2021 பிப்ரவரியில் மெட்ரோ ரயில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை நீண்டது. அதன்பின் திருவொற்றியூர்த் தேரடியில் ஏறுகிறவர் ஒரே வண்டியில் விமான நிலையம் போய் இறங்க முடிகிறது. அந்த வண்டியில் பெட்டியும் கையுமாக நிற்பவர் யார் என்று பாருங்கள். வளைகுடா நாட்டுக்கு வேலைக்குப் போகும் வெல்டர். மும்பையில் கப்பலேற வேண்டிய கடலோடி. வடநாட்டில் நேர்முகத் தேர்வுக்குப் போகும் மாணவி. மகளின் பிரசவத்துக்கு ஓடும் தாய். கம்மலை அடகு வைத்து டிக்கெட் வாங்கியவர்களும் அவர்களில் உண்டு. சீமான் விமானம் தவறினால் அடுத்த விமானத்தில் போவான். வெல்டர் விமானம் தவறினால் வேலையே போய்விடும். கப்பல் எந்தக் கடலோடிக்காகவும் கரையில் காத்து நிற்பதில்லை.

2025 டிசம்பரில் நடந்த கூத்தை நாடு மறந்திருக்காது. உள்நாட்டு விமானப் பயணிகளில் பத்தில் ஆறு பேருக்கு மேல் ஏற்றிச் செல்லும் இண்டிகோ கம்பெனி திடீரென்று முடங்கியது. டிசம்பர் 5ஆம் தேதி ஒரே நாளில் ஆயிரத்துக்கும் அதிகமான விமானங்கள் ரத்து. சென்னையிலிருந்து அந்தக் கம்பெனியின் உள்நாட்டு விமானங்கள் மாலை 6 மணி வரை கிளம்பாது என்ற அறிவிப்பு. அந்த மாதம் 3 முதல் 5 வரையிலான மூன்றே நாட்களில் 2,507 விமானங்கள் ரத்தாயின. 1,852 விமானங்கள் தாமதமாயின. மூன்று லட்சத்துக்கும் அதிகமான மக்கள் தவித்தனர். இது எதிர்க்கட்சி மேடைக் கணக்கல்ல. டில்லியின் விமானப் போக்குவரத்து இயக்குநரகமே 2026 ஜனவரியில் தந்த கணக்கு!

அந்த நாட்களில் மற்றக் கம்பெனிகள் என்ன செய்தன? பயணி தவிக்கிறானே என்று இரங்கினவா? கட்டணத்தை ஏற்றின! டிசம்பர் 6ஆம் தேதி டில்லி சர்க்கார் உச்சவரம்பு போடும் வரை அந்தக் கொள்ளை நடந்தது. 500 கிலோமீட்டர் வரை 7,500 ரூபாய், 1,500 கிலோமீட்டருக்கு மேல் 18,000 ரூபாய் என்று அன்று வரம்பு கட்டினார்கள். வெள்ளம் வீட்டுக்குள் புகுந்த பிறகு வரப்பு கட்டியவனின் கெட்டிக்காரத்தனம் இது!

ஏன் வந்தது இந்த முடக்கம்? புயலா? போரா? இல்லை. விமானிகளுக்குப் போதிய ஓய்வு தரவேண்டும் என்று ஒரு விதி வந்தது. வார ஓய்வு 36 மணியிலிருந்து 48 மணியாக உயர்ந்தது. இரவில் தரையிறக்கும் வேலை வாரத்துக்கு ஆறு முறை என்றிருந்தது இரண்டு முறையாகக் குறைந்தது. களைத்த கண்ணோடு விமானம் ஓட்டக்கூடாது என்பது விமானிக்கு மட்டுமல்ல, பின்னால் உட்கார்ந்திருக்கும் அத்தனை பேர் உயிருக்கும் காப்பு. இந்த விதி 2024 ஜனவரியிலேயே வெளியிடப்பட்டது. இரண்டாம் கட்டம் 2025 நவம்பர் 1இல் நடைமுறைக்கு வந்தது. இருபது மாதங்களுக்கு மேல் அவகாசம் இருந்தும், வேண்டிய ஆட்களைத் திரட்டி ஆயத்தமாகவில்லை கம்பெனி. முடிவில் என்ன நடந்தது? தவறு செய்த கம்பெனிக்கு 2026 பிப்ரவரி 10 வரை விதிவிலக்கு! ஓய்வு கேட்ட தொழிலாளியின் உரிமை ஒத்திவைக்கப்பட்டது. பின்னர் 22 கோடியே 20 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தார்கள். அந்த அபராதம் போய்ச் சேருவது சர்க்கார் கஜானாவுக்கு, காத்துக்கிடந்தவன் கைக்கல்ல.

"விமானிகள் ஓய்வு கேட்டதால்தான் உனக்கு இந்தத் தொல்லை" என்று பயணியிடம் சொல்லப் பார்ப்பவர்கள் உண்டு. உழைப்பவனையும் பயணம் செய்பவனையும் மோதவிட்டு நடுவில் தப்பிக்கும் தந்திரம் இது. இந்த வலையில் நாம் விழக்கூடாது.

பயணிக்குப் பாதுகாப்பே இல்லையா? ஏட்டில் இருக்கிறது. 2025 டிசம்பரில் நடப்பில் இருந்த விதியைச் சொல்கிறோம். குறும்பயண விமானம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் உணவும் பானமும் தரவேண்டும். ஆறு மணி நேரத்துக்கு மேல் போனால் வேறு விமானம், அல்லது முழுப் பணம். இரவு 8 மணிக்கும் விடியற்காலை 3 மணிக்கும் இடையே கிளம்பவேண்டிய விமானம் ஆறு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் தங்க விடுதி. முன்னறிவிப்பு இல்லாமல் ரத்து செய்தால், பயண நேரத்தைப் பொறுத்து 5,000, 7,500, 10,000 ரூபாய் வரை நஷ்டஈடு. அதிலும் அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை அதைவிடக் குறைவாக இருந்தால், அந்தக் குறைந்த தொகைதான்.

ஓட்டை எங்கே இருக்கிறது என்று கவனித்தீர்களா? ரத்தானால் ரொக்கம் உண்டு. தாமதமானால் ரொக்கம் இல்லை! பத்து மணி நேரம் உட்காரவைத்து, பிறகு விமானத்தைக் கிளப்பிவிட்டால், சோற்றுப் பொட்டலத்தோடு கணக்கு தீர்ந்தது. ஐரோப்பாவில் 2004இல் செய்த விதிக்கு 2009இல் அங்குள்ள உயர்ந்த நீதிமன்றம் தந்த விளக்கப்படி, கம்பெனியின் தவறால் மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமாகப் போய்ச் சேர்ந்தாலே தூரத்துக்கேற்ப 250 முதல் 600 யூரோ வரை நஷ்டஈடு உண்டு. அங்கே உள்ளவனுக்கு நேரம் பொன்; இங்கே உள்ளவனுக்கு மட்டும் மண்ணா?

காத்திருப்புக்குக் கூலி என்பது நமக்கு ஒன்றும் புதிதல்ல. நம் சென்னைத் துறைமுகத்தின் வரலாற்றைப் புரட்டுங்கள். ஒரு காலத்தில் கப்பல் வந்தால் வேலை, வராவிட்டால் பட்டினி என்று கிடந்தான் துறைமுகத் தொழிலாளி. விடியலில் வந்து நிற்பான், "இன்று வேலை இல்லை, போ" என்பார்கள், வெறுங்கையோடு திரும்புவான். தொழிலாளர் ஒன்றுபட்டுக் குரல் எழுப்பினர். 1948இல் துறைமுகத் தொழிலாளர் சட்டம் வந்தது. 1956இல் சென்னைக்கென்று அதன் கீழ் திட்டம் வந்தது. பதிவு பெற்ற தொழிலாளி அழைத்த நேரத்துக்கு வந்து நின்று, வேலை தரப்படவில்லை என்றால், அவனுக்கு வருகைப்படி கொடுக்கவேண்டும் என்று ஆயிற்று. 'நீ காத்திருந்த நேரமும் என் கணக்கில்தான்' என்று முதலாளியை ஒப்புக்கொள்ளச் செய்த வெற்றி அது. அந்த நியாயத்தைத்தான் மீனம்பாக்கத்துக்கும் கேட்கிறோம்.

இனி மூட்டை முடிச்சுக்கு வருவோம். துறைமுகத்தில் ஒரு பொதி இறங்கினால் அதன் குறி என்ன, எண் என்ன என்று டேலி கிளார்க் நின்று சரிபார்ப்பார். ஒன்று குறைந்தால் தாளில் ஏறும். யார் பொறுப்பு என்ற கேள்வி உடனே எழும். விமானத்திலோ, ஆள் ஓர் ஊரிலும் பெட்டி வேறோர் ஊரிலும்! அந்த டிசம்பரில் பிரிந்துபோன பெட்டிகளை 48 மணி நேரத்துக்குள் வீடு தேடிக் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும் என்று விமானப் போக்குவரத்து அமைச்சகம் உத்தரவு போட வேண்டியதாயிற்று. முதல் சில நாட்களில் திருப்பித் தந்தவை மட்டும் மூவாயிரம் பெட்டிகள். உள்நாட்டுப் பயணத்தில் பெட்டி தொலைந்தால் 20,000 ரூபாய் வரைதான் பொறுப்பு என்று 2019ஆம் ஆண்டுப் பயணிகள் சாசனம் சொல்கிறது. வெளிநாட்டுப் பயணத்துக்கு மாண்ட்ரியல் ஒப்பந்தம். 2024 டிசம்பர் இறுதியில் உயர்த்திய வரம்பு ரூபாய்க் கணக்கில் ஒன்றரை லட்சத்துக்கு மேல். அதே பெட்டி, அதே துணிமணி. எல்லை தாண்டினால் ஒரு விலை, உள்நாட்டில் ஒரு விலை!

ஆகவே, பயணம் போகும் தோழர்களுக்குச் சில சொற்கள். பெட்டியைப் போட்டபோது தரும் சிறு சீட்டைக் கிழித்தெறியாதீர்கள். அதுதான் உங்கள் சாட்சி. பெட்டி வரவில்லை என்றால், அந்தக் கூடத்தை விட்டு வெளியே வருமுன்பே கம்பெனி மேஜையில் புகார் எழுதி, நகல் வாங்குங்கள். மாண்ட்ரியல் ஒப்பந்தப்படி, பெட்டி சேதமானால் 7 நாட்களுக்குள்ளும், தாமதமாக வந்தால் வந்து சேர்ந்த 21 நாட்களுக்குள்ளும் எழுத்தில் கேட்கவேண்டும். வழக்குப் போட இரண்டு ஆண்டுக் காலம் உண்டு. நகை, பணம், மருந்து, சான்றிதழ், வேலை உத்தரவு இவற்றைக் கைப்பையை விட்டுப் பிரிக்காதீர்கள். தாமதம் என்றால் காரணத்தை எழுதித் தரச் சொல்லுங்கள். கம்பெனி கையை விரித்தால் டில்லிக்கு ஓட வேண்டியதில்லை. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டப்படி உங்கள் ஊர் மாவட்ட ஆணையத்திலேயே மனுப் போடலாம். ஐந்து லட்சம் ரூபாய் மதிப்பு வரை கட்டணமும் இல்லை.

"புயலுக்கும் வெள்ளத்துக்கும் கம்பெனி பொறுப்பா?" என்று கேட்பார்கள். நாம் அப்படிச் சொல்லவில்லை. 2015 டிசம்பரில் அடையாறு பெருகி விமான நிலையம் பல நாள் மூடிக்கிடந்தது; 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் மூடினார்கள். யாரும் நஷ்டஈடு கேட்கவில்லை. ஆனால் ஆள் சேர்க்காதது புயலா? கணக்குத் தெரியாதது வெள்ளமா? "நஷ்டஈடு வைத்தால் கட்டணம் ஏறும்" என்பார்கள். டெமரேஜ் இருப்பதால் கப்பல் ஓடாமல் நின்றுவிட்டதா? இல்லையே! தண்டம் இருக்கிறது என்ற அச்சத்தால்தான் துறைமுகத்தில் வேலை நடக்கிறது.

இதைச் சொல்லும்போது நம் கண் எண்ணூர் விரைவுச் சாலைக்கும் போகிறது. துறைமுக வாயிலுக்குள் நுழைய மைல் கணக்கில் கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்பதைத் திருவொற்றியூர் மக்கள் பல ஆண்டுகளாகக் கண்டவர்கள். லாரிக்கடியில் அடுப்பு மூட்டிச் சமைத்து, சக்கர நிழலில் உறங்கி நாளைக் கழிப்பான் ஓட்டுநர். டிரிப் கணக்கில் கூலி வாங்குபவனுக்கு வரிசையில் நின்ற நாளெல்லாம் வீண். அவன் வண்டியில் இருக்கும் பெட்டிக்குத் தாமதத் தண்டம் உண்டு, அவனுக்கு? மதுரவாயலிலிருந்து துறைமுகத்துக்கு மேம்பாலச் சாலை என்று 2009இல் அடிக்கல் நாட்டினார்கள். 2012இல் வேலை நின்றது. 2022இல் மறுபடியும் அடிக்கல். கல்லுக்குக் குறைவில்லை, காத்திருந்தவனுக்குத்தான் கணக்கில்லை. விமான நிலைய நாற்காலியில் கிடப்பவனும், எண்ணூர்ச் சாலையில் கிடப்பவனும் ஒரே வழக்கின் இரண்டு வாதிகள்.

டில்லி சர்க்காருக்கு நாம் வைக்கும் கோரிக்கை மூன்று. கம்பெனியின் தவறால் மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமானால், ரத்துக்கு உள்ளது போல ரொக்க நஷ்டஈடு வேண்டும். அதே கம்பெனியில் மறுபடி ஏறத் தரும் கூப்பன் வேண்டாம். வசூலிக்கும் அபராதத்தில் பாதிக்கப்பட்ட பயணிக்குப் பங்கு வேண்டும். பயணியின் உரிமைகளைச் சென்னை விமான நிலையத்தின் ஒவ்வொரு வாயிலிலும் பெரிய எழுத்தில், தமிழில், எழுதி வைக்கவேண்டும். உரிமை தனக்குப் புரியாத மொழியில் இருந்தால், அது அவனுக்கு உரிமையல்ல, சுவரில் தொங்கும் படம்!

காமராசர் பெயரையும் அண்ணா பெயரையும் தாங்கி நிற்கின்றன மீனம்பாக்கத்து முனையங்கள். அந்தப் பெயர்களின் நிழலில் ஏழை ஒருவன் பெட்டியைத் தொலைத்துவிட்டு, வேலையையும் தொலைத்துவிட்டு, யாரைக் கேட்பது என்று தெரியாமல் நிற்கலாமா?

துறைமுகத்தில் கிடக்கும் இரும்புப் பெட்டிக்குத் தரும் மதிப்பையாவது மனிதனுக்குத் தாருங்கள். அதற்கு மேல் நாம் கேட்கவில்லை. அதற்குக் குறைந்தால் ஒப்பப் போவதும் இல்லை.